சிவகங்கை வழக்கும் வக்கீல் மாற்றமும்

ஜொகூர் பாருவிலோ மூவாரிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தில் மணமுறிவு வழக்கோ சொத்து வழக்கோ ஆண்டுக்கணக்கில் இழுக்குமாயின், "வக்கீலை மாற்றினால் என்ன?" என்னும் பேச்சு எழுவது இயல்பு. மாற்றுவது அரிதன்று, மாற்ற அறிவிப்பை நீதிமன்றத்தில் பதிந்தால் முடிந்தது. எதற்காக மாற்றுகிறோம் எனத் தெளிவதே அரிது. இதன் பொருட்டுச் சிவகங்கைச் சீமையின் பழைய குடும்ப வழக்கொன்றை நினைவுகூரலாம். மூவாரில் வட்டிக்கடை வைத்த செட்டியார்கள் சிலருக்கும் அதுவே தாய்மண்.

மருது சகோதரர் வீழ்ச்சியை ஒட்டி, 1801-இல் கம்பெனியார் படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரை ஜமீன்தாராக்கினர். அவர் 1829-இல் ஆண்மகவின்றி இறந்தார். தமையன் மகன் முத்துவடுகநாதத் தேவர் ஜமீனைக் கைக்கொள்ள, கைம்பெண் அங்கமுத்து நாச்சியார் வழக்குத் தொடுத்தார். அண்ணனும் தம்பியும் பாகம் பிரிந்தவர்களா, பிரியாதவர்களா என்பதே அந்நாளில் பெரிதும் வாதிக்கப்பட்டது. பிரியாத குடும்பமே என 1847-இல் தீர்ப்பாயிற்று, நாச்சியார் தோற்றார்.

அவர் மறைந்தபின் ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் போராட்டத்தை ஏற்றார். அங்கமுத்து நாச்சியாரின் தோல்வி இவரையும் கட்டும் என்றன இங்குள்ள நீதிமன்றங்கள். வழக்கு மதுரையிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் சென்றது. மன்றம் மாறவே வாதிப்போரும் மாறினர். ஆயின் நம் கருத்துக்குரிய மாற்றம் அதுவன்று. குடும்பம் பிரியாததாகவே இருக்கட்டும். ஒருவர் தாமே ஈட்டிய சொத்து யாரைச் சேரும்? வழக்கு இறுதியில் நின்றது இந்த வினாவின் மேல்தான். அத்தகைய சொத்து ஆண்மகவில்லாதபோது கைம்பெண்ணுக்கும், பின்னர் மகளுக்கும் செல்லும் என 1863-இல் முடிவாயிற்று. முப்பது ஆண்டுச் சண்டையின் மையமாயிருந்த பாகப்பிரிவினை, அந்த முடிவுக்கு வேண்டப்படவே இல்லை!

இன்று மலேசியாவில் முஸ்லிமல்லாதார் மணமுறிவு, 1982 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் நடைபெறுகிறது. அங்கே தவணை தள்ளிப்போவதற்கு எதிர்த்தரப்பும் நீதிமன்ற நாட்குறிப்பும் காரணமாயிருக்கலாம். அவற்றைப் புதிய வக்கீலும் மாற்ற இயலாது. அவர் கட்டுகளை முதலிலிருந்து படிக்கவேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு. பழையவருக்குப் பாக்கியிருப்பின் அது தீரும்வரை அவர் கட்டுகளை நிறுத்தி வைத்துக்கொள்ளவும் கூடும். முன்னவர் எழுத்தில் ஒப்புக்கொண்டவற்றைப் பின்னவர் எளிதில் உதறவும் முடியாது.

எனவே புதியவரிடம், "எவ்வளவு விரைவில் முடிப்பீர்கள்?" என்பதைவிட, "இவ்வழக்கில் இதுவரை கேட்கப்படாத வினா யாது?" என்று கேட்பதே முறை. அதற்கு விடையிருப்பின் மாற்றலாம். கடிதத்துக்கு மறுமொழியே தராத வக்கீலின் செய்தி வேறு; அங்கே காத்திருப்பது பொறுமையாகாது.

காத்தம நாச்சியார் மறைந்தபின் வாரிசுகளிடையே மீண்டும் பூசல் மூண்டது. 1881-இல் அதே ஜமீன் பிரிவி கவுன்சிலின் படியை மறுபடியும் ஏறிற்று.