பழவேற்காட்டுக் கோட்டை: நீதி நூலும் அடிமை வணிகமும்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே கடலும் ஏரியும் கூடும் இடத்தில் உள்ள ஊர். 17ஆம் நூற்றாண்டில் இது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாக இருந்தது. 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டப்பட்டது. இங்கிருந்து துணிகள் கிழக்குத் தீவுகளுக்குச் சென்றன. ஒரு நீதி நூலும் பல்லாயிரம் மனிதர்களும் சென்றதும் இதே காலத்தில்தான்.

நூல்

1632 முதல் 1642 வரை ஆபிரகாம் ரோஜர் இங்கே கம்பெனியின் மதகுருவாக இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயம் பற்றி எழுதினார். பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியப் பாடல்களும் அந்நூலில் டச்சு மொழியில் இடம்பெற்றன. ரோஜர் 1649இல் இறந்தார். நூல் 1651இல் லெய்டனில் வெளிவந்தது. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது இதுவே முதல்முறை என்பர். 1663இல் ஜெர்மன் மொழியிலும் வந்தது.

அடிமை வணிகம்

1622–23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் குறிப்பிட்டனர். 1659–61இல் தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது இந்த வணிகம் மீண்டும் பெருகியது. மக்கள் பத்தாவியா, இலங்கை முதலிய இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குச் சென்றவர்களுக்குப் புதுப் பெயரிட்டு, அதன்பின் 'கோரமண்டல்' என்று சேர்த்து எழுதினர்.

பொறுப்பு யாருடையது?

பசியால் தாமே விற்றுக்கொண்டார்கள் என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. பஞ்சத்தில் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைச் சோழர் காலக் கல்வெட்டுகளும் காட்டுகின்றன. ஆனால் பசித்தவரைக் கடல்கடந்து அனுப்பும் சரக்காக்கியது கம்பெனி. கைப்பணம் போதவில்லையே என்பதுதான் அதிகாரிகளின் குறை. ஆள் பிடித்துக் கொடுத்த உள்ளூர்த் தரகர்களுக்கும், போரால் ஊர்களை அழித்த அரசுகளுக்கும் இதில் பங்குண்டு. பலர் பங்கிட்டுக்கொண்டதால் குற்றம் குறைந்துவிடாது.

நீதிப் பாடல்களை விளக்கிய பத்மநாபனின் பெயர் ஐரோப்பிய நூலகங்களில் இருக்கிறது. கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் கணக்கேட்டில் வெறும் எண்ணாகவே நிற்கின்றனர். அறத்தைப் போற்றும் நூல் ஓர் ஊரில் உருவானதால் அங்கே அறம் நடந்தது என்றாகாது. பழவேற்காட்டு வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் அந்நூலையும் அக்கணக்கேட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.