பிழைப்பும் வாழ்வும்

மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இருவர் சந்தித்தால், "பொழப்பு எப்படிப் போகுது?" என்று வினவுவது வழக்கம். பிழைத்தல் என்னும் சொல்லுக்குத் தப்பித்தல் என்பது ஒரு பொருள். பஞ்சத்திற்குத் தப்பி, நோய்க்குத் தப்பி, அடுத்த வேளைக் கஞ்சிக்கு வழி தேடிக்கொள்வதே பிழைப்பு. வாழ்வு என்பது அதனின் வேறானது. ஊரார் அனைவருக்கும் பொதுவானவற்றில் தனக்கும் பங்குண்டு என்று ஒருவன் தலைநிமிர்ந்து கூறும்போதுதான் அது தொடங்குகிறது. பிழைப்பையே பணயம் வைத்து வாழ்வைக் கேட்டவர்கள் நம் சமுதாயத்தில் இருந்திருக்கின்றனர். அவர்களுள் சிலரைப் பற்றி நம் இளைஞர் அறிய வேண்டும் என்னும் கருத்தினாலேயே இம்மலருக்கு இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், பம்பாய் மாகாணத்து மகாடு நகரின் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் நீரள்ளிப் பருகினார். அவ்வாண்டு டிசம்பரில் அங்கு மீண்டும் கூடிய மாநாட்டில் அவர் அதன் உட்பொருளை விளக்கினார். அக்குளத்து நீரைப் பருகாமலே நாம் இத்தனை காலமும் உயிர் பிழைத்துத்தான் இருக்கிறோம்; நாமும் பிறரைப் போல மனிதரே என்று நிலைநாட்டவே அங்குச் செல்கிறோம் என்பது அவர் உரையின் சாரம். பிழைப்புக்கும் வாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக எவரும் கூறியதாக நான் அறியேன்.

மதுரையில் அதே வினா கோயில் வாயிலில் எழுந்தது. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று இந்நகரின் வீதிகள் மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு சுற்றுச் சுற்றாக அமைந்தவை. அவ்வீதிகளைக் கூட்டிப் பெருக்கியவர்களும், நகரத்தார் உண்ட நெல்லை வயலில் நின்று விளைவித்தவர்களும் கோபுரத்தைத் தொலைவிலிருந்தே கும்பிட்டனர். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் காலை, அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் அக்கோயிலுக்குள் சென்ற நம்மவர் கக்கன், முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம், முத்து ஆகியோராவர். விருதுநகர் சண்முக நாடாரும் உடன் சென்றார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களைத் தடுக்கவில்லை, வரவேற்றார். பட்டர்களுள் ஒரு சாரார் கோயில் பணிக்கு வர மறுத்தனர். வழக்குகள் எழுந்தன. இராஜாஜியின் அரசு, உள்ளே சென்றவர்களுக்கும் அழைத்துச் சென்றவர்களுக்கும் பாதுகாப்பளிக்க அவ்வாண்டே சட்டம் இயற்றிற்று. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கியது.

இந்நிகழ்ச்சியைக் கூறும் நூல்கள் பலவற்றில் வைத்தியநாத ஐயரின் பெயர் விளங்க நிற்கிறது. ஏனையோர் "மற்றும் சிலர்" ஆகிவிடுகின்றனர். ஐயரின் துணிவும் அவர் தம் சாதியாரிடம் பட்ட இன்னலும் போற்றுதற்குரியவை, அதில் ஐயமில்லை. ஆயினும் அன்று வாயிற்படியைத் தாண்டிய கால்கள் எவருடையவை என்பதே வரலாறு. ஆதலின் அப்பெயர்களை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்தல் தகும்.

"கோயிலுக்குள் சென்றதால் வயிறு நிறைந்ததா?" என்று கேட்பார் நம்முள்ளும் உண்டு. கடவுள் நம்பிக்கையற்ற நண்பர்களும் இவ்வாறே கேட்பர். நிறையவில்லைதான். மகாடு நகரத்தாரின் தாகமும் அந்த ஒரு மிடற்றால் தணியவில்லை. கோயில் வேண்டாம் என்று ஒதுக்குவதற்கும் முதலில் உள்ளே செல்லும் உரிமை இருத்தல் வேண்டும் அன்றோ?

அன்று சென்றவருள் ஒருவரான கக்கன், மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் 1908இல் பிறந்தவர். அவர் தந்தையார் கிராமக் கோயிற் பூசாரி. 1952இல் மக்களவை உறுப்பினர். 1957 முதல் பத்தாண்டுகள் மாநில அமைச்சர். 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அவர் பொறுப்பில் இருந்தது. பின்னர் உள்துறையையும் ஏற்றார். 1965ஆம் ஆண்டு மொழிப் போராட்டத்தின்போது காவல்துறை மேற்கொண்ட நடவடிக்கைகள் கண்டனத்திற்குள்ளாயின என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. பிற்காலத்தில் அவர் மதுரை அரசு மருத்துவமனையில் எளிய நோயாளியாகக் கிடந்ததையும், அங்கு வேறொருவரைக் காண வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அந்நிலை கண்டு வருந்தியதையும் எல்லாரும் எடுத்துரைப்பர். 1981இல் அவர் மறைந்தார். அவருடைய எளிமையை மட்டுமே புகழ்வது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பது என் கருத்து. ஏழையாக இருப்பது நமக்குப் புதிதன்று. ஆற்றுநீரைப் பங்கிடும் பொறுப்பும் நாட்டின் காவற்பொறுப்பும் நம்மவர் ஒருவர் கைக்கு வந்ததே புதிது.

அதே மேலூர் வட்டத்தில் உள்ளது மேலவளவு. 1996ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் அவ்வூராட்சியின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியிட முன்வந்தவர்கள் அச்சுறுத்தப்பட்டனர், நம்மவர் குடிசைகள் எரிந்தன, தேர்தல் தள்ளிப்போயிற்று, மீண்டும் நடந்தபோது வாக்குப்பெட்டிகள் சூறையாடப்பட்டன. இறுதியில் டிசம்பர் 31 அன்று பலத்த காவலுடன் நடந்த வாக்குப்பதிவில் முருகேசன் தலைவரானார். கூலி வேலை செய்தும் நிலத்தை நம்பியும் காலங்கழித்து வந்த ஊரில், வேட்புமனு கொடுப்பது பிழைப்பை இழப்பதற்கு ஒப்பாகும். அதை அறிந்தே அவர் கொடுத்தார். ஊராட்சி அலுவலகத்துள் அமர்ந்து பணியாற்றவும் அவரால் இயலவில்லை. 1997 ஜூன் 30ஆம் நாள், எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கோரி மதுரையில் ஆட்சியர் அலுவலகம் சென்று திரும்பும் வழியில், பேருந்தை மறித்து அவரையும் துணைத்தலைவர் மூக்கனையும் சேர்த்து அறுவரை வெட்டிக் கொன்றனர். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தன. எனினும் 2019இல் அவர்களுள் 13 பேர் தண்டனைக் காலம் முடியுமுன்னரே விடுவிக்கப்பட்டனர்.

கோயிலுக்குள் சென்ற நாளுக்கும் மேலவளவு வாக்குப்பதிவுக்கும் இடையே 57 ஆண்டுகள். ஒரே மாவட்டத்துக்குள், கோயிலின் கதவைக் காட்டிலும் ஊராட்சி அலுவலகத்தின் நாற்காலி கடினமாயிருந்தது. தெய்வத்தை வணங்க நம்மவர் உடன் வருவதை ஒருவாறு பொறுத்துக்கொண்டவர்களும், நம்மவர் கையொப்பமிட்டுத் தாம் ஒரு சான்று பெறுவதைப் பொறுத்திலர்.

உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் நிலையும் அத்தகையதே. 1996 முதல் பத்தாண்டுகள் அங்கு வேட்புமனு கொடுக்க ஆளில்லை. கொடுத்து வென்றவரும் உடனே பதவி விலகச் செய்யப்பட்டனர். தேர்தல் அறிவிப்பதும், அது வீணாவதும் ஒரு சடங்குபோல் ஆயின. 2006ஆம் ஆண்டு அக்டோபரில்தான், மாவட்ட ஆட்சியரும் அலுவலர்களும் ஊர் ஊராகச் சென்று பேசிய பின்னர், அம்மூன்று ஊர்களிலும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் முறையான தேர்தல் நடந்தது. நால்வரும் தலைவர் நாற்காலியில் அமர்ந்தனர். இம்முறை எவரும் விலகவில்லை.