கட்டியவருக்கு வீட்டின் மீது உரிமை உண்டா?

வீட்டைக் கட்டி முடித்துச் சாவியை ஒப்படைத்த பிறகு, கடைசித் தவணைக்காக உரிமையாளரின் வாசலில் காத்து நிற்கும் மேஸ்திரியை எல்லா ஊரிலும் காணலாம். பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும்வரை தன்னிடமே வைத்துக்கொள்ள நகைத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அந்தப் பற்றுரிமை அசையும் பொருளுக்கே உரியது. வீட்டை எவரும் பெட்டியில் பூட்டி வைக்க இயலாது. வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் பண வழக்குத் தொடுப்பதே மேஸ்திரிக்குப் பெரும்பாலும் எஞ்சும் வழி.

அமெரிக்கா வேறு பாதையில் சென்றது. புதிய தலைநகரான வாஷிங்டனில் கட்டுமானத்தை ஊக்குவிக்க, 1791-இல் மேரிலாந்து மாகாணம் கட்டியவரின் கடனுக்குக் கட்டடத்தையே பிணையாக்கிச் சட்டம் இயற்றியது. கலிஃபோர்னியா 1879-இல் அவ்வுரிமையைத் தன் அரசமைப்பிலேயே எழுதி வைத்தது.

கலிஃபோர்னியாவின் நடைமுறை கண்டிப்பானது. துணை ஒப்பந்ததாரரும் பொருள் வழங்குவோரும் தம் பணி தொடங்கிய 20 நாள்களுக்குள் உரிமையாளருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். வேலை நிறைவுற்ற 90 நாள்களுக்குள் பதிவகத்தில் பற்றுரிமையைப் பதிய வேண்டும். உரிமையாளர் நிறைவு அறிவிப்பைப் பதிந்துவிட்டால் முதன்மை ஒப்பந்ததாரருக்கு 60 நாள்கள், ஏனையோருக்கு 30 நாள்கள்தான். பதிந்தபின் 90 நாள்களுக்குள் வழக்குத் தொடுக்கத் தவறினால் பதிவு பயனற்றுப் போகும். வழக்கில் வென்றால் சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்க நீதிமன்றம் ஆணையிடும். அதுவரை போகாமலும் தீர்வு வரலாம். பதிவில் அப்படி ஒரு வரி இருக்கும்போது வீட்டை விற்பதும் அடமானம் வைப்பதும் எளிதன்று.

குறைகள் இல்லாமல் இல்லை. முழுத் தொகையையும் முதன்மை ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்ட உரிமையாளர், அவர் ஏமாற்றிய தச்சருக்காக மறுபடியும் கொடுக்க நேரலாம். முன்னறிவிப்பு வைத்தது இதனால்தான். வேலை தொடங்குமுன் பதிவான வங்கி அடமானம் முந்திக்கொள்ளும். உரிமம் கட்டாயமான வேலையை உரிமமின்றிச் செய்தவருக்கு ஒரு காசும் இல்லை. இந்தக் கடைசி விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால், யாருக்காகச் சட்டமோ அந்த மேஸ்திரிதான் முதலில் வெளியே நிற்பார்.

எனக்குத் தோன்றுவது ஒன்று. வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்றிதழைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. எழுத்து ஒப்பந்தம் உள்ள கட்டுமானக் கடனை, குறுகிய காலக்கெடுவுடன் அதில் ஒரு வரியாகப் பதிய அனுமதிக்கலாம். பொய்யாகப் பதிபவருக்கு அபராதமும் விதிக்கலாம். பதிவுத் துறை இருக்கிறது, கணினியும் இருக்கிறது. சட்டமன்றம் மனம் வைக்க வேண்டும்.