முதுமை நலிவும் உடலியக்கமும்

முதுமை நலிவு என்பது, தசைவலிமையும் தாங்குதிறனும் குன்றி, சிறு காய்ச்சலோ தடுமாற்றமோகூட முதியவரைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடிய நிலை. 2001இல் லிண்டா ஃபிரைடு குழுவினர் வகுத்த அறிகுறிகள் ஐந்து: தானாக எடை குறைதல், சோர்வு, கைப்பிடித் தளர்வு, மெதுநடை, இயக்கக் குறைவு. மூன்று இருந்தால் நலிவு. ஒன்றிரண்டு இருந்தால் அதன் முன்னிலை. முன்னிலையிலிருந்து மீள்வது எளிது.

நூற்பாலை நகரான இராஜபாளையத்தில் ஆலைவேலை ஓய்ந்தோருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதிகளில் நடப்போருக்கும் நலிவைத் தடுக்க நடை மட்டும் போதாது. 65 வயதுக்கு மேல் வாரம் மூன்று நாளாவது சமநிலை, வலுப் பயிற்சிகள் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து அமர்வது தொடைத்தசைக்கு வலுவூட்டும். தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது.