பூஜப்புரையில் பிறந்த பை

பேராவூரணியில் கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ ரத்ததான முகாம் நடந்தால், கொடுப்பவரின் கண் ஊசி மேலேயே இருக்கும். கட்டிலுக்குக் கீழே நிறைந்துகொண்டிருக்கும் பையை யாரும் சட்டை செய்வதில்லை. 350 மில்லி ரத்தம் பிடிக்கும் பையில் 49 மில்லி மருந்துக் கரைசல் முன்கூட்டியே இருக்கிறது. ரத்தத்தை உறையவிடாமல் பார்த்துக்கொண்டு, அணுக்களுக்குத் தீனியும் போடுவது அதுதான். குளிர்பெட்டியில் 35 நாள் தாங்குவது அதனால்தான்.

பைக்கு முன்னால் கண்ணாடி பாட்டில். கழுவி, அவித்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். சரியாகக் கழுவாவிட்டால் நோயாளிக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிடும். ரத்தம் இறங்க பாட்டிலுக்குள் காற்று போக வேண்டும். காற்றோடு கிருமியும் போகலாம். முகாமில் எடுத்ததைப் பட்டுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ வேனில் கொண்டுபோகையில் ஒரு குலுக்கலில் உடைந்தால் அவ்வளவுதான்.

1950 வாக்கில் அமெரிக்காவில் கார்ல் வால்ட்டர் என்ற அறுவை மருத்துவரும் வில்லியம் மர்ஃபியும் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார்கள். உடையாது என்பது அதில் சின்ன லாபம்தான். குழாயால் இணைத்த பைகளைச் சுழற்றி, திறக்காமலே சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு என்று பிரிக்க முடிந்ததே பெரியது. டெங்கு காலத்தில் தட்டணு தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இங்கே பாட்டில் அதன் பிறகும் வெகுகாலம் புழங்கியது. பை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை கட்டுபடியாகாது. திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரத் திருநாள் நிறுவனத்தை நடத்திய இதய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான், மருத்துவரையும் பொறியாளரையும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்க வைத்தார். 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பூஜப்புரை அரண்மனை ஆய்வுக்கூடமாயிற்று. உள்நாட்டு ரத்தப் பையை உருவாக்கியது அங்கேதான்.

பார்வைக்குப் பால் பாக்கெட் மாதிரிதான். ஆனால் கரைசலை உள்ளே வைத்து நீராவியில் அவித்தாலும் பை கெடக்கூடாது; சுழற்சியில் ஓரம் பிரியக்கூடாது; அணுக்களைக் கொல்லவும் கூடாது. வருமா வராதா என்று தெரியாத இப்படியொரு காரியத்துக்கு முதலில் பணம் போட அரசாங்கத்தை விட்டால் ஆள் கிடையாது என்பது என் எண்ணம்.

ஆய்வுக்கூடத்தில் தேறிய பை அங்கேயே கிடந்திருக்கவும் கூடும். மணிப்பூரில் பணிபுரிந்த ஐஏஎஸ் அதிகாரி சி. பாலகோபால் 1983-இல் வேலையை உதறிவிட்டு வந்து, அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி, பெனின்சுலா பாலிமர்ஸ் தொடங்கினார். பென்போல் என்றால் ரத்த வங்கிக்காரர்களுக்குத் தெரியும். 1999-இல் ஜப்பானின் டெருமோ அதில் பங்காளியாகச் சேர்ந்தது.

ஒரு வேடிக்கை உண்டு. பை செய்யும் பிவிசி பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் டிஇஹெச்பி என்ற பொருள் கொஞ்சம் ரத்தத்தில் கசிகிறது. குற்றமென்று பார்த்தால், சிவப்பணுவின் சவ்வு சிதையாமல் காப்பதும் அதுவே. ஹார்மோன்களைக் குலைக்குமோ என்ற அச்சத்தில் இப்போது அதற்கு மாற்று தேடுகிறார்கள். சிவப்பணுவை அந்த அளவுக்குக் காப்பாற்றும் மாற்று லேசில் அகப்படவில்லை.