மேஸ்திரியின் கையிலிருந்து எச்.ஆர். மேஜைக்கு

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் செஞ்சி தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. தோட்டத்துரை அனுப்பிவைக்க, சொந்த ஊருக்கே வந்து சொந்தபந்தத்தில் ஆள் பிடிப்பார். முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றுவார். வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆள் நின்றால் காசும் நிற்கும். அதனால் லேசில் விடமாட்டார்.

ஆலைகளில் அந்த இடத்தில் மேஸ்திரி இருந்தார். சேர்ப்பதும் அவர், நிறுத்துவதும் அவர். வேலை வேண்டுமென்றால் மாமூல். ஊருக்குப் போய்த் திரும்பினால் மறுபடியும் மாமூல். அதைக் கட்டக் கையில் காசில்லாதவருக்கு வட்டிக்குக் கடன் கொடுப்பதும் பெரும்பாலும் அவரேதான்.

பெரம்பூர் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். மதியச் சோற்றை நிதானமாகச் சாப்பிட நேரமில்லை என்பது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. இவ்வளவு சின்னக் குறையைக்கூடக் காதில் வாங்க ஆலைக்குள் ஓர் ஆள் இல்லை. 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

தொழிலாளர் நிலையை ஆராய 1929இல் அமைந்த விட்லி கமிஷன், 1931 அறிக்கையில் மேஸ்திரி ஆதிக்கத்துக்கும் கேட்பாரற்ற குறைகளுக்கும் ஒரு வழி சொன்னது. ஆலைதோறும் ஒரு தொழிலாளர் அதிகாரி வேண்டும். ஆள் எடுப்பது அவர் கையில் இருக்க வேண்டும். அவரைக் கேட்காமல் யாரையும் நீக்கக் கூடாது. மேலாளர் ஒருவரைத் தவிர வேறு எவருக்கும் அவர் கட்டுப்படக் கூடாது. தொழிலாளியின் மொழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய எச்.ஆர். மேலாளரின் பூர்விகம் இந்த மேஜைதான். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி, இந்த வேலைக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்களைத் தயார்செய்து தந்திருக்கிறது.

இன்று செஞ்சிப் பிள்ளைகள் எம்.எஸ்.டபிள்யூ., எம்.பி.ஏ. முடித்துவிட்டு ஒரகடம், செய்யாறு பக்கத்துத் தொழிற்சாலைகளில் எச்.ஆர். வேலைக்குப் போகிறார்கள். வருகைப்பதிவு, பி.எஃப். கணக்கு, ஆதாரில் ஒரு பெயர் பேங்க் புத்தகத்தில் ஒரு பெயர் என்று வந்து நிற்கும் பெண்ணின் சிக்கல் என அன்றாடம் ஓடிவிடும். ஆனால் கேட்டுக்கு வெளியே மேஸ்திரி இன்னும் போகவில்லை. லேபர் கான்ட்ராக்டர் என்று நிற்கிறார். புதிதாக வந்தவரிடம் சான்றிதழ் கேட்கும்போதே, "உள்ளே வர யாருக்காவது காசு கொடுத்தீங்களா?" என்றும் கேட்கிற எச்.ஆர்., 1931இல் எழுதிவைத்த வேலையைப் பார்க்கிறார்.