கூடத்துப் படவரிசையும் மின்படச் சட்டமும்

கூடத்து நிலைக்கு மேலே ஆணியடித்து, சற்றே முன்புறம் சாய்த்து மாட்டியிருந்த படவரிசையைப் பார்த்தே ஒரு குடும்பத்தின் வம்சாவளியை வந்தவர்கள் தெரிந்துகொண்ட காலம் தமிழ்நாட்டில் இருந்தது. புராதன வழக்கம்போல் தோன்றினாலும் அந்த வரிசை புகைப்படக் கலையோடு வந்து சேர்ந்ததேயாகும். அதற்கு முற்பட்ட தலைமுறையினர் பெரும்பாலான வீடுகளில் சிராத்தத்தன்று உச்சரிக்கப்படும் பெயர்களாகவே வாழ்ந்திருந்தார்கள்.

1839-இல் பாரிஸ் நகரில் பகிரங்கமாக்கப்பட்ட அந்த வித்தை, இருபதாண்டுகளுக்குள் தஞ்சைக்கும் மதுரைக்கும் வந்துவிட்டது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் டிரைப், 1858-இல் அவ்வூர்க் கோயில்களைப் படம்பிடித்தார். எனினும் கோபுரங்களுக்குக் கிடைத்த பாக்கியம் சாமானியக் குடும்பஸ்தனுக்குக் கிட்டப் பல ஆண்டுகள் ஆயின. இதற்கிடையில், 1894-இல் ரவிவர்மா பம்பாயில் ஸ்தாபித்த அச்சுக்கூடத்திலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் வண்ணப் படங்களாகப் புறப்பட்டு வீடுகளில் எழுந்தருளியபோது, படத்துக்குக் கண்ணாடி போடும் கடைகளுக்கும் யோகம் அடித்தது. தெய்வங்களுக்குப் பக்கத்தில் முன்னோரும் மெல்ல இடம்பிடித்தார்கள்.

படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய பாட்டனார் காலமானதும், எப்போதோ ஒரு கல்யாணத்தில் கடைசி வரிசையில் நின்ற அவருடைய முகத்தைக் கும்பலிலிருந்து பிரித்தெடுத்துப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே அவர் ஜன்மத்தில் அணிந்தறியாத கோட்டையும் அங்கவஸ்திரத்தையும் தூரிகையால் தீட்டி, மீசையைப் பென்சிலால் திருத்திக் கொடுத்த ஸ்டூடியோக்காரரின் சாமர்த்தியம் லேசானதன்று. பிறகு அது கடைவீதிக்குப் போகும்: மூலைகளைச் சாய்வாக அறுத்து இணைத்த மரச்சட்டம், கண்ணாடி, பின்னால் அட்டை, இராமபாணப் பூச்சி நுழையாதபடி விளிம்பைச் சுற்றி ஒட்டிய காகிதம். வீட்டுக்கு வந்து, நெற்றிக்கு நேராகக் கண்ணாடியின்மீது சந்தனமும் குங்குமமும் வைத்த பிறகுதான், வெறும் படமாக இருந்தது பெரியவராக ஆகும்.

அப்படவரிசையின் இடத்துக்கு இப்போது வந்திருக்கும், படங்களைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் மின்படச் சட்டத்தின் பூர்விகம் வேறு. 1975-இல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியின் இளம் எஞ்சினியர் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் காமிரா, ஒரே படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடி எடுத்துக்கொண்டது. பதிந்ததைப் பார்க்கத் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டியிருந்தது. காகிதத்தை விட்டுத் திரைக்குக் குடிபெயர்வது, ஆக, பிறவியிலேயே அதற்கு விதிக்கப்பட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி அங்கே விற்பனைக்கு வந்த சீவா என்ற சட்டம், இரவில் டெலிபோன் கம்பிவழியே தானே தொடர்புகொண்டு புதுப் படங்களை வாங்கி வைத்துக்கொள்ளும். நினைவக அட்டையைச் செருகும் சட்டங்களும், வைஃபையில் படம் பெறுபவையும் பின்னால் பெருகின.

அதைக் கூடத்தில் அமர்த்துவது பெரிய வித்தையன்று; படங்களை அட்டையில் பிரதியெடுத்துச் செருகி, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி நிற்க வேண்டும் என்று நிர்ணயித்துவிட்டால் போதும். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்கள்தாம், அகலவாட்டான அத்திரையில் இருமருங்கும் கறுப்புப் பட்டையோடு ஒடுங்கி நிற்கும், அல்லது தலையும் காலும் வெட்டுண்டு போகும்.

என் அபிப்பிராயத்தில் சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. அயல்நாட்டிலிருந்து மகன் அனுப்பிய பேரனின் பிறந்தநாள் கேக்குக்கும் மாமல்லபுரச் சுற்றுலாவுக்கும் நடுவே தாத்தா பத்து வினாடி தரிசனம் தந்து மறைந்துவிட்டால், சந்தனக் கிண்ணத்தோடு நிற்பவள் பொட்டை யார் நெற்றியில் வைப்பாள்? திதியன்று மட்டும் படவோட்டத்தை நிறுத்தி, அவரை மட்டும் திரையில் இருத்தி, சட்டத்தின் விளிம்பில் மாலை சாத்தலாம்தான். படையல் முடியும்வரை மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும்.